எத்தனை மணிக்கு வருவீர்கள்? வீட்டில் அறை விடுவோர் கேட்கத் தயங்கும் கேள்வி

வடக்கில் வீட்டின் ஓர் அறையை நாள் வாடகைக்கு விடுவது இன்று பல குடும்பங்களுக்கு ஒரு சிறு வருமானமாகியிருக்கிறது. பிள்ளைகள் கனடாவுக்கும் சுவிசுக்கும் போனபின் பூட்டிக்கிடந்த அறை, வெளிநாட்டுக் காசில் கட்டி முடித்தும் ஆளில்லாத மேல்மாடி, கணவர் காணாமல் ஆக்கப்பட்டபின் வீட்டைவிட்டு வேலைக்குப் போகமுடியாத ஒரு பெண் வெள்ளையடித்துக் கட்டில் போட்ட முன்னறை என்று இந்த அறைகள் பலவிதம். 2014 ஒக்டோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. வருவோர் கூடினார்கள், அறை விடுவோரும் கூடினார்கள்.

வருபவர்கள் எல்லோரும் முதுகுப்பையுடன் திரியும் வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் வரும் முல்லைத்தீவு, மன்னார் ஆட்கள், தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவருக்குத் துணையாக வருபவர்கள், பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர், நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் புலம்பெயர்ந்த குடும்பங்கள், காணி உறுதி பார்க்க இரண்டு நாட்களுக்கு வருபவர்கள் என இவர்கள் பல தரத்தினர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாகனத்தில், ஒவ்வொரு நேரத்தில் வருகிறார்கள்.

அறை விடுவதைப் பற்றிச் சொல்லித்தருபவர்கள் திரைச்சீலை, சவர்க்காரம், காலை உணவு, படம் எடுக்கும் விதம் பற்றியெல்லாம் சொல்கிறார்கள். இந்தத் தொழிலில் ஆளைக் களைக்க வைப்பது இவை எதுவுமல்ல. ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னவர் வராமல், எட்டு, ஒன்பது, பத்து என்று கேற்றைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான். ஹோட்டலில் இரவு முழுவதும் ஒருவர் முன்மேசையில் இருப்பார். வீட்டில் அந்த முன்மேசை நீங்கள்தான். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியவரும் நீங்கள்தான்.

கேட்க ஏன் தயங்குகிறோம்?

எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று விருந்தினரிடம் கேட்பது எங்கள் பழக்கத்தில் இல்லை. வீடு தேடி வருபவரிடம் நேரம் கேட்டால், வரவேண்டாம் என்று சொல்வதுபோல ஆகிவிடுமோ என்ற கூச்சம் இருக்கிறது. அதிலும் வருபவர் தூரத்து உறவாகவோ, உறவு ஒன்றின் சிபாரிசில் வருபவராகவோ இருந்துவிட்டால் கேள்வி தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். "வாங்கோ, எப்ப வந்தாலும் பரவாயில்லை" என்று வாய் சொல்லிவிடும். பிறகு நித்திரை முழிப்பது யார்?

கூச்சத்துக்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு தலைமுறை முழுவதும் எங்களால் வரும் நேரத்தைச் சொல்லவே முடியவில்லை. தொண்ணூறுகளின் முற்பகுதியில் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்தவர்கள் எப்போது கரை சேர்வோம் என்று யாருக்கும் சொல்லிவிட்டு வரவில்லை. 2002க்குப் பின் பாதை திறந்தபோதும் ஓமந்தையிலும் முகமாலையிலும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டிவரும் என்று தெரியாது. வந்து சேர்ந்தால்தான் சேர்ந்தது. அந்தக் காலத்தில் நேரம் கேட்காமல் காத்திருந்ததில் ஒரு நியாயம் இருந்தது. இன்று முறிகண்டியில் நின்று கைத்தொலைபேசியில் ஒரு வரி அனுப்பக்கூடிய காலத்தில் அதே பழக்கம் ஏன் தொடரவேண்டும்?

மூன்றாவது காரணத்தைப் பலர் வெளியே சொல்வதில்லை. எப்போது வந்தீர்கள், ஏன் வந்தீர்கள், எப்போது போவீர்கள் என்பவை போர்க்காலத்தில் எங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள். கொழும்பில் லொட்ஜில் தங்கியவர்களும் வீடுகளில் அறை எடுத்தவர்களும் பொலிஸ் பதிவுத் துண்டுடன்தான் நடமாடினார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை கொழும்பு லொட்ஜுகளில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் தங்குவதற்குத் தக்க காரணம் இல்லை என்று சொல்லி பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. அந்தக் கேள்விகளை இப்போது நாமே விருந்தினரிடம் கேட்பதா என்று ஒருவருக்கு மனம் ஒப்பாமல் இருந்தால் அது விளங்கிக்கொள்ளக்கூடியது. ஆனால் கேட்கும் இடம் வேறு. கேட்கும் காரணமும் வேறு. காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் கேள்வியின் முகம் மாறிவிடும். "இரவில் நான் தனிய, கேற் திறக்க வேணும். அதுதான் நேரம் கேட்கிறன்" என்றால் நல்ல விருந்தினர் யாரும் கோபிக்கமாட்டார். கோபிப்பவருக்கு அந்த அறையைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

இரவு பதினொரு மணிக்குப் பின் வாசலில் ஒரு வான் நிற்கும் சத்தம் இந்த மண்ணில் வெறும் சத்தம் இல்லை. சுற்றிவளைப்பையும் வெள்ளை வானையும் கண்ட வீட்டில், வாகனம் நின்று கதவு அடிபடும் ஓசைக்கு நெஞ்சு எப்படி அடிக்கும் என்று வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் அந்தச் சத்தத்தைக் கேட்கிறார். பெண் தலைமை தாங்கும் வீடு என்றால் அடுத்தநாள் ஒழுங்கையில் எழும் கதைகளும் சேர்ந்துகொள்ளும். ஊர் வாயை மூட முடியாதுதான். ஆனால் "எங்கட வீட்டுக்கு இரவு எட்டு மணிக்குப் பிறகு ஆக்களை எடுக்கிறேல்லை" என்று ஒரு பெண் சொல்லும்போது அது ஒரு விதியாக நிற்கிறது. விதி இருக்கும் வீட்டைப் பற்றிக் கதை கட்டுவது கொஞ்சம் கடினம்.

இரவு 2 மணி எந்த நாளுக்குச் சொந்தம்?

நேரக் குழப்பங்களில் மிகவும் பெரியது நேரத்தில் இல்லை, திகதியில் இருக்கிறது. எங்கள் பேச்சு வழக்கில் விடிந்தால்தான் மறுநாள். "13ஆம் திகதி இரவு ரெண்டு மணிக்கு வருவம்" என்று ஒருவர் சொன்னால், அவர் மனதில் இருப்பது 13ஆம் திகதி படுக்கைக்குப் போனபின் வரும் இரண்டு மணி. கைத்தொலைபேசியின் கணக்கில் அது 14ஆம் திகதி. அதே சொற்களை லண்டனில் வளர்ந்த அவரின் மகள் ஆங்கிலத்தில் எழுதினால், 12ஆம் திகதி நள்ளிரவு தாண்டியபின் வரும் இரண்டு மணியைக் குறிப்பாள். ஒரு முழு நாள் வித்தியாசம். அறை அன்று வேறொருவரிடம் இருக்கலாம்.

இதற்கு மருந்து ஒன்றுதான். திகதியை மட்டும் வாங்காமல் கிழமையையும் சேர்த்து, இரண்டு பக்கமும் கட்டி எழுதுங்கள்: "வியாழக்கிழமை இரவு படுத்து, வெள்ளிக்கிழமை விடியப்புறம் 2 மணிக்கு வருகிறீர்கள், சரியா?" இப்படி எழுதினால் பிழைக்க இடமில்லை. 12 மணி என்று யாராவது சொன்னால் பகலா நள்ளிரவா என்று கேளுங்கள். வெளிநாட்டவருடன் எழுதும்போது 24 மணிக் கணக்கு நல்லது, 14.00 என்றால் அது பிற்பகல் இரண்டுதான்.

இதோடு காசுக் கணக்கும் பின்னியிருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு வந்து உடனே படுக்க விரும்புபவர் முதல் நாள் இரவுக்கும் அறையை எடுத்திருக்க வேண்டும். ஏனென்றால் அவருக்காக அந்த அறை அந்த இரவு முழுவதும் வெறுமையாக இருந்தாக வேண்டும். இது பலருக்கு விளங்குவதில்லை. "காலமைதானே வாறம், அன்றைக்குத்தானே காசு" என்பார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் அது விதி. வாசலில் நின்று சொன்னால் அது சண்டை.

புலம்பெயர் நாடுகளிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் விமானம் ஏறும் திகதியைச் சொல்வார்கள், இறங்கும் திகதியை அல்ல. ஐரோப்பாவிலிருந்து மாலையில் ஏறினால் கட்டுநாயக்காவில் இறங்குவது மறுநாள்தான். குடிவரவு, பொதிகள், வான் சாரதியைத் தேடுவது, சாப்பாடு எல்லாம் முடித்து, புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக யாழ்ப்பாணம் வர மேலும் ஏழெட்டு மணித்தியாலம். ஆகவே "10ஆம் திகதி வாறம்" என்ற செய்தி 11ஆம் திகதி நள்ளிரவையும் தாண்டி வந்து முடியக்கூடும். கட்டுநாயக்காவில் இறங்கும் திகதியையும் நேரத்தையும் கேளுங்கள். மீதியை நீங்களே கூட்டிக்கொள்ளலாம்.

தொலைபேசியில் பேசி ஒழுங்கு செய்யும்போது அவர்களின் நேரமும் இடையில் வரும். லண்டன் எங்களைவிடக் குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலமும் கோடையில் நாலரை மணித்தியாலமும் பின்னால். ரொறொன்ரோ பத்தரையும் ஒன்பதரையும். ஆகவே "இலங்கை நேரப்படி" என்ற இரண்டு சொற்களை எந்தச் செய்தியிலும் விட்டுவிட வேண்டாம். நேரம் இரண்டாக இருப்பது எங்களுக்குப் புதிதும் அல்ல. 1996இல் அரசாங்கம் கடிகாரத்தை முன்னே தள்ளியபோது வன்னி அதை ஏற்கவில்லை. 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே நாடு திரும்பும்வரை ஓமந்தைக்கு இப்பால் ஒரு நேரம், அப்பால் அரை மணித்தியாலம் வித்தியாசமான இன்னொரு நேரம். எந்த நேரம் என்று கேட்டுப் பழகியவர்கள் நாங்கள்.

நேரத்தைக் கேட்காதீர்கள், வாகனத்தைக் கேளுங்கள்

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் பெரும்பாலானோர் ஓர் ஊகத்தைச் சொல்வார்கள். "எதில் வருகிறீர்கள், எங்கிருந்து, எப்போது புறப்படுகிறீர்கள்?" என்று கேட்டால் உண்மை கிடைக்கும். வந்து சேரும் நேரத்தை வெளியூர்க்காரரைவிட வழியைத் தெரிந்த நீங்களே நன்றாகக் கணிப்பீர்கள்.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வருபவர் பெரும்பாலும் விடியற்காலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் யாழ்ப்பாணத்தில் இறக்கப்படுவார். இரவுத் தபால் புகையிரதமும் விடியும் பொழுதில்தான் கொண்டுவந்து விடும். பகற் புகையிரதம் என்றால் பிற்பகல். புகையிரதத்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை: நேர அட்டவணையும் சேவைகளும் அடிக்கடி மாறுகின்றன. 2023 சனவரியில் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையே பாதையைத் திருத்தத் தொடங்கியபோது பல மாதங்கள் நேரடிச் சேவையே இருக்கவில்லை. விருந்தினர் இணையத்தில் பார்த்த பழைய அட்டவணையை நம்பி நேரம் சொல்லியிருக்கலாம். பயணச்சீட்டு எடுத்தாயிற்றா என்று ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும்.

வானில் வருபவர்தான் எல்லோரையும்விடக் கணிக்க முடியாதவர். வழியில் மதவாச்சியில் தேநீர், வவுனியாவில் ஓர் உறவினர் வீடு, முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய். ஆனால் முறிகண்டியே உங்களுக்குக் கைகொடுக்கும். ஏ9 வழியாக வரும் எங்கள் ஆட்களில் அங்கே நிற்காமல் வருபவர் குறைவு. "முறிகண்டியில் கச்சான் வாங்கேக்க ஒரு மெசேஜ் போடுங்கோ" என்று சொல்லி வையுங்கள். அங்கிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 80 கிலோமீற்றர். ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். அதுவரை நீங்கள் படுத்திருக்கலாம், சமைக்கலாம், பிள்ளையை ரியூசனால் கூட்டிவரலாம். பஸ்ஸில் வருபவருக்குக் கிளிநொச்சி அல்லது ஆனையிறவு அடையாளம். பலாலியில் இறங்குபவருக்கோ காங்கேசன்துறையில் இறங்குபவருக்கோ சுங்கம் முடித்து வெளியே வந்ததும் ஒரு செய்தி போதும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் கடல் பொங்கினால் கப்பல் ஓடாது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்; அந்த மாதங்களில் கப்பலில் வருவதாகச் சொல்பவரிடம் முதல்நாள் மாலை ஒருமுறை உறுதிப்படுத்துவது நல்லது.

வைத்தியசாலைக்கு வருபவர்களின் கதை வேறு. கிளினிக் காலையிலேயே தொடங்குவதால் அவர்கள் முதல்நாள் மாலையே வந்துவிடுவார்கள். வன்னிக் கிராமங்களிலிருந்து பின்னேர பஸ்ஸைத் தவறவிட்டால் அன்று வர வழியே இருக்காது. ஆகவே எந்த பஸ்ஸில் ஏறுவதாக இருக்கிறார், அது போனால் அடுத்தது உண்டா என்பது வரை கேட்டுவைப்பது அவருக்கும் உதவி. புறப்படும் நேரத்தை அவரால் சொல்லமுடியாது. வைத்தியர் எப்போது துண்டு வெட்டுவார் என்று யாருக்குத் தெரியும்? இப்படியானவர்களிடம் பதினொரு மணிக்கு அறையைக் காலிசெய்யுங்கள் என்று கறாராக நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அன்று பின்னேரம் வேறு யாரையும் எடுக்காமல் விட்டு, அதற்கு அரை நாள் காசு என்று முன்பே பேசிக்கொள்வதே இருவருக்கும் நல்லது. சுற்றுலாக்காரருக்கு வகுத்த விதி நோயாளிக்குப் பொருந்தாது.

ஒருவர் போய் ஒருவர் வரும் நாள்

அறை ஒன்றுதான் இருக்கிறது, ஒருவர் போகும் நாளில் இன்னொருவர் வருகிறார் என்றால் இடைவெளி வேண்டும். எவ்வளவு இடைவெளி என்பதை ஹோட்டல்களைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. உங்கள் வீட்டைப் பார்த்துத் தீர்மானியுங்கள். படுக்கை விரிப்பு எத்தனை சோடி இருக்கிறது? மோட்டார் போட்டுத் தண்ணீர்த் தாங்கி நிரம்ப எவ்வளவு நேரம்? குளியலறை கழுவுவது யார், அவர் எத்தனை மணிக்கு வருவார்? தனியே ஒருவர் செய்வதானால் இரண்டரை மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வது நியாயமான கணக்கு. காலை 11 மணிக்குள் போகவேண்டும், பிற்பகல் 2 மணிக்குப் பின் வரலாம் என்று வைத்தால் மூச்சுவிட இடம் கிடைக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் விரிப்புக் காயாது. மூன்றாவது சோடி ஒன்று வாங்கி வைத்தவர் தப்பினார்.

இந்த இடைவெளிக்குள்தான் இரவு பஸ்ஸில் வந்தவர் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து நிற்பார். உள்ளே முதல்நாள் விருந்தினர் நித்திரை. இங்கே மூன்று வழிகள் இருக்கின்றன. அறை அன்று இரவு காலியாக இருந்தால், ஒரு சிறு மேலதிகக் கட்டணத்துடன் உள்ளே விடலாம். உதாரணமாக ஓர் இரவுக்கு 5000 ரூபா என்றால் அதிகாலை வருகைக்கு 2000 ரூபா. காலியாக இல்லாவிட்டால் விறாந்தையில் பொதியை வைத்து, முகம் கழுவி, ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு ஊர் பார்க்கப் போகும்படி சொல்லலாம். வெளியே தனியாக ஒரு கழிவறை உள்ள பழைய வளவு வீடுகளுக்கு இது வசதி. அல்லது, ஏழு மணிக்கு முன் எடுப்பதில்லை என்று நேரே சொல்லிவிடலாம். எதைத் தேர்ந்தாலும் அவர் கொழும்பில் பஸ் ஏறுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து மணிக்கு இருட்டில், பொதியுடன் நிற்கும் ஒருவருக்கு விதி சொல்லிக்கொடுக்க எவராலும் முடியாது. எங்கள் வீட்டு அம்மாமாரால் நிச்சயமாக முடியாது. கதவைத் திறந்து கோப்பியும் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களையும் தனியாகக் கணக்கில் எடுங்கள். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் வாகனங்களுக்கு மூடப்பட்டிருக்கும். உங்கள் வீடு அந்த எல்லைக்குள் இருந்தால், வான் எங்கே நிற்கும், அங்கிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், வயதானவர் யாராவது வருகிறார்களா என்பதைக் கேட்டு, தேர், தீர்த்த நாட்களில் வருபவரைக் கூடியவரை முதல்நாளே வரச்சொல்வது நல்லது.

கடைசி நேரமும் கேற்றடியும்

வருகைக்கு ஒரு கடைசி நேரம் வையுங்கள். எட்டோ ஒன்பதோ பத்தோ, அது உங்கள் வீட்டு நிலைமையைப் பொறுத்தது. தனியே இருக்கும் பெண், சிறு பிள்ளைகள் உள்ள வீடு, படுக்கையில் நோயாளி உள்ள வீடு என்றால் எட்டு மணி அதிகமான கண்டிப்பு அல்ல. அதற்குப் பிந்தி வரவேண்டியவர் முன்கூட்டியே சொன்னால், அன்றைக்கு மட்டும் தம்பியையோ பக்கத்து வீட்டு அண்ணையையோ துணைக்கு வரச்சொல்லி வைக்கலாம். சொல்லாமல் பிந்துபவருக்கு அந்த வசதி இல்லை.

இணையத் தளங்கள் வழியாக அறை விடுபவர்கள் இதை அங்கேயே பதிந்துவிடலாம். ஏர்பிஎன்பி, புக்கிங் டொட் கொம் இரண்டிலும் வருகை தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் வீட்டுக்காரரே குறிக்கலாம். அன்றைக்கே பதிந்து அன்றைக்கே வருவதைத் தடுக்கவும் முடியும். ஏர்பிஎன்பியில் ஒவ்வொரு பதிவுக்கும் முன்னும் பின்னும் ஓர் இரவைத் தயார்படுத்தலுக்காக மூடிவைக்கும் வசதியும் உண்டு; வேலைக்கு உதவியில்லாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல். கணக்கைத் திறந்து கொடுத்த மருமகனோ, கனடாவில் இருக்கும் மகளோ இந்த இடங்களைத் தொடாமல் விட்டிருப்பார்கள். அவர்களைக் கேட்டு நிரப்பிவிடுங்கள். இரண்டு தளங்களிலும் ஒரே அறையைப் போட்டு, உறவினர் வழியாகவும் ஆள் எடுப்பவர்கள் சுவரில் ஒரு கலண்டரைத் தொங்கவிட்டு எல்லாவற்றையும் அதில் எழுதுவது பாதுகாப்பு. தொலைபேசி மறந்துவிடும், சுவர் மறக்காது.

பதிவு உறுதியானதும் ஒரு செய்தி, வருவதற்கு முதல்நாள் மாலை ஒரு செய்தி. அதற்குமேல் தேவையில்லை. முதல்நாள் செய்தி இப்படி இருக்கலாம்: "வணக்கம். நாளை வெள்ளிக்கிழமை உங்களை எதிர்பார்க்கிறோம். அறை பிற்பகல் 2 மணிக்குத் தயாராகும். இரவு 8 மணிக்குள் வந்துவிடுங்கள். கிளிநொச்சியைத் தாண்டும்போது ஒரு செய்தி அனுப்புங்கள். வீடு கண்டுபிடிக்காவிட்டால் சந்தியில் நின்று அழையுங்கள்." வெளிநாட்டவருக்கு மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு அனுப்புவதானால் இதுபோலச் சிறு வசனங்களாக எழுதுங்கள். நீண்ட வசனத்தை அந்தச் செயலிகள் குழப்பிவிடுகின்றன.

வழி சொல்வதும் நேரத்தின் ஒரு பகுதிதான். கடைசி அரை மணித்தியாலம் பெரும்பாலும் ஒழுங்கைகளில்தான் தொலைகிறது. கைத்தொலைபேசி வரைபடம் பிரதான வீதியைக் காட்டும். மூன்றாவது ஒழுங்கைக்குள் திரும்பி, வைரவர் கோயிலடியில் இடப்பக்கம் என்பதை அது சொல்லாது. வீட்டின் இடக்குறியை ஒருமுறை சரியாக எடுத்து வட்ஸ்அப்பில் வைத்திருங்கள். அதோடு பகலில் எடுத்த கேற்றின் படம் ஒன்றும், ஓட்டோக்காரருக்குக் காட்டத் தமிழில் எழுதிய முகவரியும். கேற்றடியில் ஒரு பல்ப் போட்டு, விருந்தினர் வரும் இரவில் எரியவிடுங்கள். நாயைக் கட்டுங்கள்.

வந்தவர் யார், எப்போது வந்தார், எப்போது போனார் என்பதை ஒரு கொப்பியில் எழுதி, அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் இல்லத் தங்குமிடமாகப் பதிய விரும்புபவர்களுக்கு இத்தகைய ஒழுங்கு எப்படியும் உதவும். ஏதாவது பொருள் காணாமற் போனாலோ, யாராவது வந்து உங்கள் வீட்டில் நின்றவர் பற்றி விசாரித்தாலோ, நினைவை நம்பிப் பேசவேண்டியதில்லை. அதேவேளை அந்தக் கொப்பி விருந்தினர் உங்களை நம்பித் தந்த விபரம். கேட்பவர் யார், எந்தப் பொலிஸ் நிலையம், எதற்காக என்று கேட்டு, அதையும் எழுதிக்கொண்ட பின்பே காட்டுங்கள். தொலைபேசியில் அழைத்து விபரம் கேட்பவருக்குக் கொடுக்க வேண்டாம். கடவுச்சீட்டின் படத்தைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடுவதும் தவிர்க்கவேண்டிய ஒன்று.

சொன்ன நேரமும் கடந்து, கடைசி நேரமும் கடந்து, அழைப்புக்கும் பதில் இல்லை என்றால்? முற்பணம் வாங்கியிருந்தால் அந்த இரவுக்கு அறை அவருடையதுதான். ஆனால் நீங்கள் விழித்திருக்க வேண்டும் என்பதல்ல அதன் பொருள். "பத்து மணி ஆகிவிட்டது. கேற்றைப் பூட்டுகிறேன். காலை ஆறு மணிக்குத் திறப்பேன். இடையில் வந்தால் இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்" என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு, தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுங்கள். இணையத் தளம் வழியாக வந்த பதிவென்றால், அவர் வரவில்லை என்பதை அந்தத் தளத்துக்கு உடனே அறிவியுங்கள். பிந்தினால் வராதவருக்கும் நீங்கள் தரகு கட்ட நேரலாம். முற்பணம் வாங்காமல் எடுத்தவர் என்றால் அறை அடுத்தநாள் காலையிலிருந்து வேறொருவருக்கு.